பூ வேண்டாம்

"‘திடீரென்று காலமானார்’னு எழுது. அது போதும்," என்றான் வெர்னன்.

சமையலறை மேசைக்கு எதிர்ப்புறம் மரண அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆர்லீன் பேனாவைக் கீழே வைத்தாள். "திடீருன்னா? அஞ்சு வருஷமா நம்ம கண்ணு முன்னாடி செத்துக்கிட்டு இருந்தான்யா நம்ம புள்ள."

"ஊரு என்ன பேசும்?"

"இந்த ஊருல யாரு வீட்டுல திடீருன்னு சாகல, சொல்லு பாப்போம்."

உண்மைதான். மேற்கு வர்ஜீனியாவில், எங்கள் ப்ரையர் பள்ளத்தாக்கில், எல்லாரும் திடீரென்றுதான் சாவார்கள். சுரங்கத்தில் முதுகு ஒடிந்தால் வலி மாத்திரை. மாத்திரையை நிறுத்தினால் தெருவில் விற்கும் போதைப்பொடி. கடைசியில் பத்திரிகையில் அந்த மரியாதையான சொல். அவர்கள் மகன் ஜாரடும் அப்படித்தான் போனான்.

அவனுக்கு வைத்தியம் இருந்தது, இரண்டு மலை தாண்டி. தினமும் போய்வரக் கார் வேண்டும். கார் வாங்க வேலை வேண்டும். வேலைக்குப் போக முதலில் குணமாக வேண்டும். எங்கள் கடைத்தெருவிலேயே, பூட்டிக்கிடந்த ஷூ கடையில், ஒரு சிகிச்சை மையம் வருவதாக இருந்தது. "போதைக்காரப் பசங்க நம்ம தெருவுல வரிசை கட்டி நிக்கணுமா?" என்று நகரசபைக் கூட்டத்தில் உறுப்பினர் ஹார்லன் கேட்டார். எழுந்து நின்று கெஞ்சியது ஆர்லீன் ஒருத்திதான். மற்ற எல்லாரும் கைதட்டினார்கள். அவள் பக்கத்தில் இருந்த வெர்னனும் தட்டினான்.

அறிவிப்போடு ஆர்லீன் வாரப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். ஆசிரியர், நிருபர் எல்லாமே அங்கே நடீன்தான்.

"அந்த மையம் ஏன் வரலன்னு நீ தோண்டி எழுதலாமில்ல?"

"ஆசைதான் ஆர்லீன். ஆளு வேணும், வக்கீல் வேணும், காசு எங்க இருக்கு? இப்ப பேப்பர் ஓடறதே மரண அறிவிப்புலதான்."

சொன்ன பிறகுதான் நடீனுக்கே உறைத்தது. ஏன் சாகிறார்கள் என்று விசாரிக்க வக்கில்லாத பத்திரிகை, செத்தார்கள் என்று அச்சடித்து வயிறு வளர்த்தது.

ஆர்லீன் பேனாவை வாங்கி அங்கேயே மாற்றி எழுதினாள்: ‘எங்கள் மகன் ஜாரட் போதை மருந்தால் இறந்தான். சிகிச்சைக்குக் காத்திருந்து இறந்தான். பூ வேண்டாம். சிகிச்சை மையத்தைத் தடுத்தது யார் என்று விசாரித்து எழுத, பூவுக்குச் செலவழிக்கும் காசை இந்தப் பத்திரிகைக்குக் கொடுங்கள்.’

பத்திரிகை வந்தது. விசாரணை நிதிக்கு ஒரு காசு வரவில்லை. பூ வந்தது. தேவாலயத்தில் சவப்பெட்டியே தெரியாத அளவுக்கு வந்தது. எல்லாவற்றிலும் பெரிய மலர்வளையம் ஹார்லனுடையது.

"பூ வேணாம்னு போட்டிருந்தீங்க. ஆனா மனசு கேக்கல ஆர்லீன்."

"தெரியும் ஹார்லன். நாங்க கேட்டது எதையும் உங்க மனசு கேட்டதில்ல."

அடக்கம் முடிந்தது. வெர்னன் ஹார்லனின் வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தான். ஆர்லீனும் கூடப் போனாள். ஊரே பின்னால் வந்து வேடிக்கை பார்த்தது. அன்று கைதட்டிய தன் கைகளாலேயே, வெர்னன் ஷூ கடையின் பூட்டிய கதவில் ஆணி அடித்து அதைத் தொங்கவிட்டான்.

நடீன் படம் எடுத்தாள். அதற்கு நிதி எதுவும் தேவைப்படவில்லை.

"படத்துக்குக் கீழ என்ன போட வெர்னன்?"

"என்ன வேணா போடு," என்றான் அவன். "‘திடீரென்று’ன்னு மட்டும் போட்டுடாத."