கோடிக்கரைக்குப் போகுமுன்

சிவசாமி மாஸ்டர் பாயின் நடுவில் வரைபடத்தை விரித்து, அது சுருண்டுகொள்ளாமலிருக்க ஒரு முனையில் கண்ணாடிக்கூட்டையும் மறுமுனையில் காபி டம்ளரையும் வைத்தபோது, சொர்ணம் அடுப்படி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். குளத்தூரில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு ஒற்றைக் கூடம்தான். அங்கே பேசுவது எதுவும் அவள் காதுக்குத் தப்பாது.

ஹைஸ்கூலில் டிரில் மாஸ்டரான சிவசாமிதான் அந்தப் பயணத்துக்குத் தலைவர். கூட வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் சொர்ணத்தின் புருஷன் முத்துராமன். இன்னொருவர் ஆபீஸில் அவனுக்குப் பக்கத்து மேசை மரியசெல்வம். கிறிஸ்துமஸ் கழித்து இரண்டாம் நாள் காலை ஐந்தரை பஸ்ஸில் புதுக்கோட்டை, அங்கிருந்து அறந்தாங்கி, அப்புறம் ரயில், திருத்துறைப்பூண்டியில் வண்டி மாறி வேதாரண்யம். சத்திரத்தில் இரண்டு ராத்திரி. முதல் நாள் படகில் சதுப்புக்குள் போய்ப் பூநாரை பார்ப்பது. மறுநாள் கோடிக்கரைக் காட்டில் வெளிமான், சாயங்காலம் கலங்கரை விளக்கத்தில் ஏறுவது. கார்த்திகை மழை நன்றாகப் பெய்திருப்பதால் தண்ணீர் நிற்கும், பறவை ஆயிரக்கணக்கில் இறங்கியிருக்கும் என்று மாஸ்டருக்குத் தகவல்.

“பறவைக்கு மனுசக் கூட்டம் ஆகாது” என்றார் அவர். “படகவிட்டுச் சேத்துல எறங்குனா ஆளுக்கு அம்பது கெஜம் தள்ளித் தள்ளித்தான் நடக்கணும். முத்துராமா, ஒனக்குத்தான் ஒடம்பு லேசு. நீ முன்னால போயிரு.”

“போறேன் மாஸ்டர்” என்றான் முத்துராமன். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் சொர்ணம் நறுக்குவதை நிறுத்தினாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

கல்யாணமான மூன்றாம் மாதம் அவன் துவைகல்லுக்குப் பக்கத்தில் விழுந்தான். கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்து, வாயோரம் நுரை தள்ளி அடங்கியது. வீட்டில் வேறு யாரும் இல்லை. தெளிந்து எழுந்தவன் முதலில் கேட்டது, “யாரும் பாத்தாங்களா?” என்றுதான். மாமியார் மறைத்துக் கட்டிவைத்த விஷயம் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு வாரம் அழுதாள். அதற்கப்புறம் அவளும் மறைக்கப் பழகிக்கொண்டாள். பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை. திருச்சி டாக்டர் கொடுத்த மாத்திரை பெருங்காய டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. நெருப்பு, தண்ணீர், உயரம், இந்த மூன்று இடத்திலும் ஆளைத் தனியாக விடக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். ஆறு வருஷமாக அவன் கிணற்றடிக்குப் போனால் அவளும் ஏதாவது பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவாள். கடைசியாக வந்தது ஐப்பசியில். எப்படியோ எல்லாமே வீட்டுக்குள்ளேயே வந்து போயின. ஆபீஸுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அவன் நம்பினான். அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று யாரிடமும் கேட்கவும் பயம்.

அதே சமயம், முப்பத்தொரு வயதில் அவன் கடலைக் கண்ணால் கண்டதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவனைக் கண்மாய்க் கரைக்குக்கூட அனுப்பாமல் வளர்த்திருந்தார்கள். இப்போது ஞாயிறு தவறாமல் அவளோடு கரைமேல் போய் உட்கார்ந்து, நீர்க்காகத்தையும் முக்குளிப்பானையும் கோட்டு நோட்டில் வரைந்துகொண்டு வருவான். பூநாரைக்கென்று ஒரு முழுப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தான்.

அவர்கள் போனபின், போகத்தான் வேண்டுமா என்று அவள் கேட்டாள். அவன் பிடிகொடுக்கவில்லை. மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன், ரெண்டு மாசமாக ஒன்றும் இல்லை என்றான். சேற்றில் தனியாக நடக்கும்போது வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டபோது, நோட்டை எடுத்து அந்தக் காலிப் பக்கத்தைப் பிரித்தான்.

“ஒரே ஒரு தடவ சொர்ணம். எல்லாரும் போற மாதிரி நானும் போயிட்டு வந்துர்றேன்.”

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் முழங்கால் தண்ணீரில் குப்புறக் கிடந்த ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. புதன்கிழமை சாயங்காலம் அவன் நூலகத்துக்குப் போன நேரம் பார்த்து, மரியசெல்வம் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி செபமாலை அவளுக்குச் சிநேகிதி. இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். சொல்லி முடித்ததும் மரியசெல்வம் கேட்ட முதல் கேள்வி, “ஆபீஸ்ல யாருக்கும் தெரியுமா தங்கச்சி?” தெரியாது என்று சொர்ணம் அவசரமாகச் சொன்னாள். யாரிடமும் சொல்லமாட்டேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதை அவளால் முழுசாக நம்பவும் முடியவில்லை, சொன்னதைத் திரும்ப வாங்கவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை முத்துராமன் வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்தியவன், வெகுநேரம் உள்ளே வராமல் அதன் பக்கத்திலேயே நின்றான். பின்பு வந்து சட்டையைக் கழற்றாமல் பாயில் உட்கார்ந்தான்.

“மாஸ்டர் என்னைய வேதாரண்யத்துலயே இருக்கச் சொல்றாரு. சத்திரத்துல சாமானுக்குக் காவலாம்.”

அவள் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கத்தில் வைத்தாள்.

“மரியசெல்வம் காலையிலேருந்து என் மொகத்தப் பாக்கல. கையத்தான் பாக்குறான். பேனா புடிச்சிருக்க கையையே பாக்குறான். மாஸ்டர்கிட்ட அவன்தான் சொல்லியிருக்கணும். அவன்கிட்ட நீதான சொன்ன?”

“ஆமா” என்றாள் சொர்ணம்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் அவளும் அழுதிருப்பாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்: “ஒனக்கு மட்டும்தான் தெரியும்ங்கிறதுல ஒரு தெம்பு இருந்துச்சு. அது போச்சு.”

அன்றும் மறுநாளும் அந்த வீட்டில் சோறு, தண்ணீர் என்பதற்குமேல் பேச்சு எழவில்லை. அவன் நோட்டைத் தொடவில்லை. தான் செய்தது தப்பா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். தப்பு என்று தோன்றவில்லை. ஆனால் பாதியில் விட்டுவிட்டோம் என்று தோன்றியது. வலிப்பு என்ற வார்த்தையை மட்டும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அது என்ன செய்யும், எவ்வளவு நேரம், எப்படிப் போகும் என்று ஒன்றும் சொல்லவில்லை. தெரியாததைக் கண்டு அவர்கள் பயந்துபோனார்கள். துவைகல் பக்கத்தில் அவளும் அப்படித்தான் பயந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரும் மரியசெல்வமும் கடைசி ஏற்பாட்டுக்கு வந்தார்கள். முத்துராமன் சுவரில் சாய்ந்து ஒதுங்கியே இருந்தான். மாஸ்டர் ரயில் நேரத்தை இரண்டு தடவை படித்தார். மரியசெல்வம் பாய்க்கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சொர்ணம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆண்கள் மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“அவரு சாமானுக்குக் காவல் இருக்கவேணாம்” என்றாள். நிறுத்தாமல் பேசினாள். “வந்தா மூணு நிமிசம். கைகால அமுக்கிப் புடிக்காதீங்க. சாவி, இரும்பு ஒண்ணும் கையில குடுக்காதீங்க, வாயில எதையும் திணிக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்கவச்சு, சட்டப் பொத்தானக் கழட்டிவிடுங்க. அப்புறம் ஒரு மணி நேரம் தூங்குவாரு. எந்திரிச்சா சரியாயிரும். படகுல நடுவுல ஒக்காரட்டும். சேத்துல கைக்கெட்டுற தூரத்துல ஒரு ஆளு நடங்க. கலங்கர வெளக்குமேல ஏறவேணாம்.”

“தண்ணிக்குள்ள வந்துட்டா?” என்றார் மாஸ்டர்.

“டாக்டர் அதச் சொல்லல. நானும் பாத்ததில்ல. தலைய மட்டும் மேல புடிச்சுக்கங்க.”

அவள் புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் எழுந்துபோய்விடுவோம் என்று இருந்தது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முத்துராமனிடம் கேட்டார்.

“ஏப்பா, வாரது ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

சுவரில் சாய்ந்திருந்தவன் இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

“தெரியும்” என்றான் முத்துராமன். “தென்ன மட்ட கருகுற மாதிரி ஒரு வாசன வரும். அப்புறம் எடது கட்டவெரல் உள்ள மடங்கும். அதுக்குள்ள அஞ்சாறு மூச்சு விடலாம்.”

ஆறு வருஷத்தில் அவன் இதைச் சொல்லிச் சொர்ணம் கேட்டதில்லை. அவளுக்கும் கேட்கத் தோன்றியதில்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்த வாசன வந்தா ஒடனே சத்தங்குடு” என்றார் மாஸ்டர். “பறவை பறந்தாப் பறந்துட்டுப் போகுது. அஞ்சர பஸ்ஸுக்கு அஞ்சு மணிக்கே வந்துரு.”

அவர் வரைபடத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தார். மரியசெல்வம் எழுந்து நின்றார், போவதா இருப்பதா என்று தெரியாதவர்போல. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “அவனப் படுக்கச் சொல்லு தங்கச்சி, ஒருக்களிக்கிறத ஒரு தடவ செஞ்சு பாக்குறேன். எனக்குக் கேட்டா மட்டும் வெளங்காது” என்றார்.

முத்துராமன் சுவரைவிட்டு நகர்ந்து வந்தான். காலியான பாயில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். மரியசெல்வம் அவன் பக்கத்தில் மண்டியிட்டார். கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, மறுபடி நீட்டினார். தூங்கும் குழந்தையைத் தூக்கப்போகிறவர்போல ஒரு கையைத் தோளுக்கும் இன்னொன்றை இடுப்புக்கும் கொடுத்து, மெதுவாக, மிக மெதுவாக, அவனைப் பக்கவாட்டில் புரட்டினார்.