அவர்களே கூப்பிடுவார்கள்

கேட்டுக்கொண்டே இருப்பவர்களைக் கண்டால் புரோகிராமருக்கு ஆகாது. நேற்றுதான், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவளின் நிரலைப் பிரித்து மேய்ந்திருந்தார். அது நொடிக்கொரு தரம் சர்வரிடம் போய் "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று நச்சரித்தது.

"இதுக்குப் பேர் போலிங்மா. மானம் போற வேலை. எங்கே கூப்பிடணும்னு சர்வர்கிட்ட சொல்லி வச்சிட்டு நீ பாட்டுக்கு இரு. முடிஞ்சதும் அதுவே உன்னைக் கூப்பிடும். அதுதான் கால்பேக்."

இன்று அதே ஞானத்தோடு பதிவு அலுவலகத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகளின் பிறப்புச் சான்றிதழ் நாலு மணிக்குள் பள்ளிக்கூடத்துக்குப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் சீட் வேறு பிள்ளைக்கு. காலையில் படிவத்தை வாங்கிய கிளார்க், "ரெடியானதும் போன் பண்றோம், சார்" என்றார். அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

குடையோடு வந்த ஓர் அம்மாள் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஜன்னலுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். கடைசியில் காகிதத்தோடு வீட்டுக்கும் போய்விட்டாள். புரோகிராமர் அசையவில்லை. கொள்கை என்று ஒன்று இருக்கிறதே.

மனைவி போனில் வந்தாள். "என்னங்க, கிடைச்சுதா?"

"கிடைச்சா அவங்களே கூப்பிடுவாங்க."

"எழுந்து போய்க் கேட்டா கிரீடம் இறங்கிடுமா?"

"சிஸ்டம்னு ஒன்னு இருக்குல்ல."

மூன்றரைக்கு அவளே வந்து இறங்கினாள். புருஷனைத் தாண்டி நேராக ஜன்னலுக்குப் போனாள்.

"இதுவா? பதினோரு மணிக்கே ரெடிம்மா. மூணு தடவை போன் அடிச்சோம், அப்படி ஒரு நம்பரே இல்லைங்குது." கிளார்க் படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "ஒன்னு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு... நானும் ஏதோ ராசியான நம்பர்னு நெனச்சேன்."

ஆபீஸில் நிரல்களைச் சோதிக்கும்போதெல்லாம் பத்து வருஷமாகப் புரோகிராமர் போட்டு வந்த பொய் எண். கை தானாக எழுதியிருக்கிறது. கூப்பிடச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது சுலபம்தான். எங்கே கூப்பிடுவது என்று சொல்ல வேண்டியது, காத்திருப்பவன் பொறுப்பு. இருவரும் டாக்ஸி பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் பறந்தார்கள்.

நாலடிக்க மூன்று நிமிஷம் இருக்கையில் சான்றிதழ் பள்ளிக்கூட மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது.

"சும்மா சும்மா வந்து கேக்காதீங்க," என்றாள் அங்கிருந்த பெண். "சீட் முடிவானதும் ஃபார்ம்ல இருக்கிற நம்பருக்கு நாங்களே கூப்பிடுவோம்."

மனைவி மெதுவாகத் திரும்பினாள். "இங்க குடுத்த ஃபார்மை எழுதினது யாரு?"

புரோகிராமர் மேஜையை நெருங்கினார்.

"மேடம்... அந்த ஃபார்மை ஒரே ஒரு தடவை பாக்கலாமா?"