தகவலாளர் பதினான்கு

1

இந்தக் கதை ஒரு அட்டவணையில் நான் செய்த தவறிலிருந்து வந்தது.

1996. முதுகலை இரண்டாமாண்டு. ஆய்வேட்டின் தலைப்பு: 'மதம், அமைதி, மோதல்: தியாகராய நகரில் ஒரு தெரு.' பிள்ளையார் ஊர்வலம் பள்ளிவாசலைக் கடந்து போகும் தெரு. பெயர் சொல்லமாட்டேன். ஒவ்வோர் ஆண்டும் ஊர்வலத்துக்கு முன்னால் இரு தரப்புப் பெரியவர்களும் அமைதிக் குழுவாகக் கூடி, பேசி, கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கூட்டக் குறிப்புகளை வைத்து அட்டவணை போட்டேன். இடப்பக்கம் ஆண்டு. வலப்பக்கம் சம்பவங்களின் எண்ணிக்கை. ஆறு ஆண்டு, ஆறு பூஜ்யம்.

கீழே எழுதினேன்: அமைதி நிலவியது.

2

முதல் தொடக்கம்: பாண்டி பஜாரின் மாலை வெளிச்சத்தில், ஹாஜிரா பீயின் தையல் மிஷின்

(வேண்டாம். வெளிச்சம் விழுந்தால் பாவமாகத் தெரிவார். அவர் பாவம் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: ஹாஜிரா பீ புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவர். அந்தத் தெருவில், ஜவுளிக்கடை வாசலில், நடைபாதையில் ஒரு மிஷின்.

இது போதும்.

3

அதுவரை பதின்மூன்று பேரைப் பேட்டி கண்டிருந்தேன். எல்லோரும் ஆண்கள். எல்லோரும் குழு உறுப்பினர்கள். (அன்று இது எனக்கு உறைக்கவில்லை.) பதினான்காவது ஆளை நான் தேடிப் போகவில்லை. என் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கப் போனேன். மடியிலிருந்த தாள்கள் என்னவென்று கேட்டார். படித்துக் காட்டினேன். பூஜ்யங்கள் வந்ததும் மிஷினை நிறுத்தினார்.

"ஊர்வலம் முடியறவரைக்கும் பத்து நாளு கமிட்டிக்காரங்க மிஷினை எட்துகினு போய்டுறாங்க. நான் இங்க குந்திகினு இருந்தா எவனாவது கல்லு வுடுவானாம். நான் இல்லாங்காட்டி கல்லு வராதாம். அதான் உன் சைபரு."

ஊர்வலம் வரும் ஆவணி, முகூர்த்த மாதம். வருடத்தில் அவருக்கு அதிக வேலை வரும் பத்து நாள் அது. குழுக் கூட்டத்தில் போய் இதைச் சொன்னீர்களா என்றேன்.

"தாடி வச்சவங்க ஒரு பக்கம், பட்டை போட்டவங்க ஒரு பக்கம். மிஷின் வச்சவ எந்தப் பக்கம் போய் குந்தறது?"

இதை எழுதுகிறேன், பாதுகாப்புக்காகப் பெயரை மறைத்துவிடுகிறேன் என்றேன். ஆய்வில் அதுதான் முறை.

"எதுக்கு மறைக்கிற? ஹாஜிரா பீன்னு முழுசா போடு. வெறும் ஹாஜிரான்னு போட்டா பக்கத்துத் தெருவுல ஒருத்தி கீறா. பேரை அவ தட்டிகினு போய்டுவா."

4

பூஜ்யங்களை அடித்தேன். ஆறு ஆண்டுக்கும் ஒன்று, ஒன்று என்று எழுதினேன். கடைசி இயலைப் புதிதாக எழுதினேன். 'அமைதி நிலவியது' போயிற்று. ஹாஜிரா பீ பெயரோடு உள்ளே வந்தார்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் கையெழுத்துப் போட மறுத்தார்.* அது இல்லாமல் ஏட்டை வாங்கமாட்டார்கள். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

(* சுவாமிநாதன் சார். கெட்டவர் அல்ல. அபிராமபுரத்தில் அவர் வீட்டில் எனக்குக் காபி கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்: "ஒரு தையல்காரி சொன்னதை வெச்சுண்டு முடிவை மாத்த முடியாது, ஹம்சினி. அடிக்குறிப்புல போடு. பேர் வேண்டாம், தகவலாளர் பதினாலுன்னு போடு. கையெழுத்துப் போட்டுடறேன்." அதனால்தான் இந்தக் கதையில் அவரை அடிக்குறிப்பில் வைத்திருக்கிறேன். பெயரோடு.)

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் ஹாஜிரா பீயை அடிக்குறிப்புக்குத் தள்ளி முதல் வகுப்பு வாங்குகிறேன். நீங்கள் என்னை வெறுத்துவிட்டுப் போகலாம். வசதியான முடிவு.

இன்னொன்றில் கையெழுத்தில்லாத ஏட்டை அலுவலக மேசையில் வைத்துவிட்டுத் தலைநிமிர்ந்து

(தலைநிமிர்ந்தாளாம். யார் பார்த்தார்கள்?)

மூன்றாவதில் சார் மனம் மாறுகிறார். அதை எழுதக் கை வரவில்லை.

மூன்றிலும் கடைசி வரியில் நான்தான் நிற்கிறேன். மிஷின் எங்கே என்று ஒரு முடிவும் கேட்கவில்லை.

எனக்குப் பட்டம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன். ஹாஜிரா பீ அதைக் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு போனபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "போட்டியா?"

இந்தக் கதையில் போட்டிருக்கிறேன். ஆய்வேட்டில் போட்டேனா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். வீட்டில் உட்கார்ந்து அல்ல. ஆவணியில் வாருங்கள். நடைபாதையில், மிஷினைத் தூக்கிக்கொண்டு போன இடத்தில் நின்று செய்யுங்கள்.