நானூற்றுப் பதினேழாம் ஆணி

“உன் புருசன் இருமுறது துரையோட மோட்டார்லேர்ந்து கேக்குதே, இன்னா தாயம்மா இது?” என்று டிரைவர் பர்னபாஸ் வந்து கேட்டபோது, தாயம்மா ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு பித்தளைக் குண்டானுக்கு ஈயம் பூசிக்கொண்டிருந்தாள். அது 1908ஆம் வருஷம், கார்த்திகை மாதம், ராகி நன்றாக விளைந்திருந்தது. அவள் புருஷன் சகாயம் தங்கச் சுரங்கத்தில் இறங்கி அன்றோடு ஆறு நாள். அவன் ஊரைவிட்டு ஓடிவிட்டதாகக் கம்பெனி எழுதி வைத்திருந்தது. ஓடிப்போகிறவன் இருமலை மட்டும் எதற்காக மோட்டாரில் விட்டுப்போனான் என்பதைப் பற்றிக் கம்பெனி ஒன்றும் எழுதவில்லை.

சூப்பரிண்டெண்ட் பெங்கெல்லி துரையின் அந்த மோட்டார் சீமையிலிருந்து கப்பலேறி, ரயிலேறி, மாரிகுப்பத்தில் வந்து இறங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் உடம்பில் பன்னிரண்டு ஓட்டை. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டி வைத்த சயனைடு மேட்டுத் தூசி காற்றில் பறந்து வந்து தகரத்தை அரித்துவிட்டது. அதே தூசியைப் பிறந்த நாள் முதல் மூச்சிழுக்கும் கூலிக் குடிசை வரிசையான ஸ்கெலட்டன் லைன் பிள்ளைகளைக் கம்பெனி டாக்டர் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருந்தார். தகரம்தான் சற்றுச் சீக்காளி. பெங்களூரிலிருந்து கோட்டுப் போட்ட மெக்கானிக் ஒருவர் வந்து எல்லா ஓட்டைகளையும் அரக்கு வைத்து அடைத்தார். வண்டி ஒரு மத்தியானம் வெயிலில் நின்றது, அரக்கெல்லாம் ஒழுகிவிட்டது. அதன் பிறகுதான் துரைக்குத் தாயம்மாவின் ஞாபகம் வந்தது. அவள் துருவைச் சுரண்டி, புளியால் தேய்த்து, நவச்சாரம் தூவி, தகரத்துண்டை வைத்துச் சூட்டுக்கோலால் ஈயத்தை ஓடவிட்டால், பிறகு அந்த இடத்தில் ஓட்டை இருந்ததை ஓட்டையே மறந்துவிடும். சகாயத்துக்குப் பாறையில் ஓட்டை போடும் வேலை. “அவன் போடுறான், நீ அடைக்கிற. ஊருக்கு இன்னாடி லாபம்?” என்று பக்கத்து வீட்டுப் பார்வதம்மா கேலி செய்வாள். அவள் புருஷன் ராஜப்பாவும் போன வருஷம் சுரங்கத்தில் இறங்கி, கம்பெனிக் கணக்கில் ஓடிப்போனவன்தான். சகாயத்தின் சேதி வந்த அன்று, “ரெண்டு பேரும் எங்கியோ ஒண்ணா ஓட்டல் வெச்சிகினு கீறாங்க போல, வுடு” என்று அவள்தான் தாயம்மாவைச் சிரிக்கவைத்தாள்.

பர்னபாஸ் வந்து கேட்ட அன்று பதினோரு ஓட்டை அடைபட்டிருந்தது. நவச்சாரம் தீர்ந்ததால் பின்சக்கரத்துக்கு மேலே ஒன்று மட்டும் மிச்சம். தாயம்மா மோட்டார் கொட்டகைக்குப் போய் அந்த ஓட்டையில் வாயை வைத்து, “யாரு?” என்றாள்.

“நான்தான். கூழு இருந்தா ஊத்து” என்றது உள்ளே இருந்த குரல்.

ஏர் பிளாஸ்ட் என்று அங்கே சொல்லுவார்கள். பாரம் தாங்காமல் பாறை தானாகவே வெடிப்பது. அது முன்னும் பின்னும் வழியை மூடிவிட்டது, சகாயம் நடுவில் உட்கார்ந்திருந்தான். பாறையில் கசியும் தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தவனுக்கு, தலைக்கு மேலே ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளிச்சமும் பெட்ரோல் நாற்றமும் வந்தன. தகரத்தின் எந்த ஓட்டை எந்தப் பாறையில் போய்த் திறக்கும் என்பது பாறையின் விவகாரம், அதை அந்த ஊரில் யாரும் கிளறுவதில்லை. தாயம்மா புனல் வைத்துக் கூழ் ஊற்றினாள். ஓட்டையை அடைக்காமலிருக்க, துரையிடம் ஒரு நாள் தகரம் சூடாயிருக்கிறது என்றாள், ஒரு நாள் ஈரமாயிருக்கிறது என்றாள், ஒரு நாள் அமாவாசை என்றாள். தொழில் தெரிந்தவள் சொல்கிறாள் என்று துரை மூன்றையும் நம்பினார்.

ஆள்கணக்கு வைக்கும் டைம் ஆபீசில் ரைட்டர் தாமோதரனிடம் போய், தோண்டச் சொல்லிக் கெஞ்சினாள். அவர் சுவரிலிருந்த பலகையைக் காட்டினார். கீழே போகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளைப் பில்லையை ஆணியிலிருந்து எடுத்துப்போக வேண்டும், மேலே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். ஷிப்டு முடிந்தபின் ஓர் ஆணி காலியாயிருந்தாலும் வெடி வைக்கக்கூடாது, ஆளைத் தேட வேண்டும். அது ஷிப்டு முடிந்த நேரம், பலகையில் ஒரு காலி ஆணி கிடையாது.

“நானூத்திப் பதினேழு தொங்குது பாரும்மா. பில்லை மேல வந்தா ஆளு மேல வந்தாச்சி. மோட்டார் இருமுறதெல்லாம் சாட்சியா? போம்மா, போ.”

தாயம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் கைவேலை தெரியும். மழுங்கிய உளியால் கால் கோணிப்போன அந்தக் கடைசி எழுத்து அவள் வெட்டியது. சகாயம் வீடு திரும்பாத அன்று சாயங்காலம் இதே தாமோதரன் கடைக்கு வந்து, பழசு தேய்ந்துவிட்டது என்று சொல்லி, காகிதத்தில் எழுதிக் காட்டி, ஒரு பில்லை செய்து வாங்கிப்போயிருந்தார். வெடி நின்றால் துரை கத்துவார். துரை கத்துவதைவிட ஓர் ஆள் ஓடிப்போவது ஆபீசுக்குச் சௌகரியம். எழுத்தைக் கோலம்போலப் பார்த்துப் பார்த்து அழகாக வெட்டிக்கொடுத்துவிட்டு, புருஷனுக்காகக் களி கிளறப் போனாள் அவள்.

“கணக்குல உன்ன மேல ஏத்தினவ நான்தான்யா” என்று ஓட்டையில் சொல்லி அழுதாள்.

உள்ளே பித்தளை பாறையில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “என் பில்லை என் இடுப்புலதான் கீது. நீ நேரா ஊத்து, சிந்துது” என்றான்.

பத்தாம் நாள் சீமையிலிருந்து டைரக்டர் வருவதாகத் தந்தி வந்தது. அவரை மாரிகுப்பத்திலிருந்து மோட்டாரில் அழைத்துவந்து, டைம் ஆபீஸ் வாசலில் நிறுத்தி, முதலில் பலகையைக் காட்டி மகிழ்விப்பதாக ஏற்பாடு. பத்து மணிக்குள் ஓட்டை அடைபடாவிட்டால் வேறு ஆளை வைத்துத் தகரத்தை ஆணியடித்து மூடிவிடுவேன் என்றார் துரை. தாயம்மா அன்று இரண்டு பங்கு கூழ் ஊற்றினாள். “அடைச்சாத்தான் தோண்டுவாங்க. மூச்சைக் கொஞ்சமா வுடு” என்று உள்ளே சொன்னாள். பிறகு பர்னபாஸை இங்கிலீஷில் சொல்லவைத்தாள்: இந்த ஓட்டைக்குத் தகரம் ஒட்டாது, பித்தளைதான் ஒட்டும், அளவும் கனமும் அதோ ஆபீஸ் பலகையில் தொங்கும் அந்தப் பில்லை மாதிரி இருக்க வேண்டும். துரை கடிகாரத்தைப் பார்த்தார், ஆபீசுக்குள் போனார், அவள் விரல் நீட்டிய பில்லையைத் தம் கையாலேயே கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். கூடவே ஓடிவந்த தாமோதரனின் வாய் திறந்தது. துரை முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. தாயம்மா நவச்சாரம் தூவினாள். புகை எழுந்தது. ஈயம் ஓடி விளிம்பைச் சுற்றி வந்ததும் இருமல் நின்றது. அவள் ஈரத் துணியால் விளிம்பைத் துடைத்தாள். 

டைரக்டர் ரூல் படித்தவர். ஷிப்டு மேலே வந்து வெடி வைக்கும் நேரம், பலகையில் ஆயிரம் பித்தளைப் பற்களுக்கு நடுவே ஒரு பொக்கை. “இந்த ஆள் எங்கே?” என்றார். அந்த ஆளின் பில்லை உங்களை ஏற்றிவந்த மோட்டாரில் ஒட்டியிருக்கிறது என்று சொல்ல ரூலில் இடமில்லை. சங்கு ஊதினார்கள், வெடியை நிறுத்தினார்கள், தோண்டினார்கள். மூன்றாம் நாள் சகாயம் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வந்தான், போனபோது இருந்ததைவிடச் சற்றுப் பருமனாக. இடுப்பிலிருந்த பில்லையை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினான். கம்பெனியின் பலகை ஒழுங்கே ஓர் உயிரைக் காத்தது என்று அறிக்கை சீமைக்குப் போனது. அந்தப் பலகையைக் கவனமாகப் பராமரித்ததற்காகத் தாமோதரனுக்கு ஒரு சட்டைப்பைக் கடிகாரம் கொடுத்தார்கள். சகாயத்தின் பேருக்கு எதிரே, ‘ஓடிப்போனான்’ என்பதற்குப் பக்கத்தில் ‘திரும்பி வந்தான்’ என்று சேர்த்து எழுதினார்கள்.

மறுநாள் காலையில் பார்வதம்மா ராஜப்பாவுக்கென்று கூழ்ச்சட்டியும் புனலுமாக மோட்டார் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.  தாயம்மா அவளைப் பார்த்தாள், தான் போட்ட பதினோரு ஒட்டுகளையும் பார்த்தாள். அவற்றைப் போடும்போது அவள் எந்த ஓட்டையிலும் காது வைத்துக் கேட்டதில்லை. யாரிடமும் உத்தரவு கேட்காமல் கரியை மூட்டிக் கோலைக் காய்ச்சி, ஒட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பர்னபாஸ் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். பார்வதம்மா ஒவ்வொரு ஓட்டையிலும் காதை வைத்தாள். பதினோராவதில் வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு புனலை நுழைத்துக் கொஞ்சம் கூழ் ஊற்றினாள். அது உள்ளே போய், அடிவழியாக வந்து, சக்கரத்தில் சொட்டியது. சொட்டி முடியும்வரை பார்த்திருந்துவிட்டு, சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.