முந்நூற்று நாற்பது மில்லிசீவர்ட்

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. தலைநகர் மோன்டெவிடியோவில் உள்ள அளவீட்டு ஆய்வகம், அணிந்தவர் மேல் விழும் கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் பேட்ஜ்களில் 0417 என்ற எண்ணுள்ளதைப் படித்தது. பிப்ரவரி மாத அளவு 340 மில்லிசீவர்ட்.

அந்த பேட்ஜ் எங்கள் சான் ஃபெர்மின் மருத்துவமனையில் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு எந்திரத்தை இயக்கும் மில்டன் சுகஸ்தியுடையது. அந்த வேலையில் இருப்பவர் ஆண்டுக்கு இருபது மில்லிசீவர்ட் வரை வாங்கலாம் என்பது சட்டம். மில்டன் ஒரே மாதத்தில் பதினேழு ஆண்டுகளுக்கானதை வாங்கியிருந்தார்.

அன்று மதியமே தேசிய ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து மருத்துவமனை இயக்குநர் பெர்முதெஸுக்குத் தொலைபேசி வந்தது. விசாரணை முடியும்வரை மில்டன் எந்திரத்தின் பக்கமே போகக் கூடாது. நாட்டின் வடக்கில் அந்த எந்திரத்துக்கு உரிமம் பெற்ற ஒரே ஆள் அவர்தான் என்பதால், அவரோடு எந்திரமும் நின்றது. சிகிச்சையின் பாதியில் இருந்த முப்பத்தொரு நோயாளிகள் அடுத்த நாள் முதல் தலைநகருக்குப் பேருந்தில் போனார்கள். போக ஆறு மணி நேரம், வர ஆறு மணி நேரம்.

அளவு உண்மை என்று முடிவானால் மில்டன் மறுபடி அந்த அறைக்குள் போக முடியாது. வயது ஐம்பத்திரண்டு. மைத்துனரின் டயர் கடை இருந்தது. அதில் வேலை கிடைக்கும் என்று மைத்துனர் கொஞ்சம் அதிக மகிழ்ச்சியோடே சொன்னார்.

வியாழக்கிழமை ஆணையத்தின் ஆய்வாளரான பொறியாளர் நெலிடா பெர்ராத்தோ வந்தார். கூடவே வியன்னாவில் உள்ள சர்வதேச அமைப்பிலிருந்து வந்த நிபுணர் க்வேசி அமொவாகோ. கானாக்காரர். ஹவானாவில் ஆறு ஆண்டுகள் படித்ததால் கியூபா வாடையோடு எங்கள் மொழி பேசினார். முந்தைய ஆண்டு ஒரு சர்வதேசக் குழு நாட்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பைப் பார்வையிட்டுப் பரிந்துரைகள் கொடுத்திருந்தது. அவை நடைமுறைக்கு வந்தனவா என்று பார்க்க அவர் தலைநகருக்கு வந்திருந்த நேரத்தில்தான் இது நடந்தது. ஆணையம் முறைப்படி உதவி கேட்டுப் புதன்கிழமை காலையில் கடிதம் அனுப்பியது. வியன்னாவிலிருந்து மாலையே பதில் வந்தது. இவ்வளவு விரைவாக வந்த பதிலை அலுவலகத்தில் இரண்டு முறை சரிபார்த்தார்கள்.

இருவரும் காலை முழுவதும் எந்திரத்தைச் சோதித்தார்கள். கசிவு இல்லை. கனத்த கதவு திறந்திருந்தால் எந்திரம் ஓட மறுத்தது. சுவர்கள் சரியாக இருந்தன. இயக்குநர் பெர்முதெஸ் கதவுக்கு வெளியே, கோப்பு ஒன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் பதினோரு ஆண்டுகளில் ஒரு முறைகூட அந்த அறைக்குள் போனதில்லை என்பது ஊரறிந்த விஷயம்.

பிறகு மில்டனை ஓய்வறைக்கு அழைத்தார்கள். சோதனைக்காக அவருடைய ரத்தம் எடுத்தாயிற்று. நெலிடா கேட்டார்.

"பேட்ஜை எங்க மாட்டுவீங்க?"

"நெஞ்சுல, இன்ஜினியர். வேற எங்க மாட்டுறது?"

சொல்லிவிட்டு மில்டன், வந்தவர்களுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார். தோளில் தொங்கிய தோல் பையைத் திறந்து பிளாஸ்க்கையும் சுரைக்குடுவையையும் எடுத்து, ஒரே குடுவையில் எல்லோரும் மாறி மாறிக் குடிக்கும் எங்கள் இலைப் பானமான மாத்தே தயாரித்தார். முதல் குடுவையை அவர் குடித்தார். அடுத்தது நெலிடாவுக்கு. மூன்றாவதாக வாங்கிய க்வேசி, தேநீர் கலக்குவதுபோல உறிஞ்சுகுழலை இரண்டு சுற்று சுற்றினார். மாத்தேயில் குழலை அசைக்கவே கூடாது என்பது எங்கள் வழக்கம்.

"குழலைத் தொடாதீங்க, டாக்டர்," என்றார் மில்டன். "வேணும்னா போய் என் எந்திரத்தைப் பிரிச்சுப் போடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நெலிடா சிரிக்கும்போதே மேசைமேல் கிடந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் தோள்பட்டை வாரில், ஒரே இடத்தில், நெருக்கமாகப் பல் பதிந்த தடங்கள் இருந்தன. பேட்ஜின் கிளிப்பில் இருக்கும் பற்களின் அகலம்.

அவர் அங்கே எதுவும் கேட்கவில்லை. பேட்ஜ் இருந்தது நெஞ்சில் அல்ல, பையில் என்று திரும்பும் வழியில் க்வேசியிடம் சொன்னார். அப்படியானால் இன்றைக்கே எழுதிவிடலாமே என்றார் அவர். நெலிடா ஒத்துக்கொள்ளவில்லை.

"முப்பத்தொரு பேரு பஸ்ல போறாங்க. ஆஸ்பத்திரிக்கு எந்திரம் ஓடணும், அமைச்சகத்துக்கும் ஓடணும். இந்த நேரத்துல எங்க ஆளுக்கு நாங்களே நல்ல சர்டிஃபிகேட் எழுதிக்கிட்டா யாரு நம்புவா? நாளைக்கு நிஜமாவே ஒருத்தன் வாங்கிட்டு வந்தா, அப்பவும் பை மேல பழியைப் போடச் சொல்வாங்க."

ஆகவே பேட்ஜ் வியன்னாவுக்கு அருகில் உள்ள ஆய்வகத்துக்குப் போனது. ஒரு முறை படித்தாலும் பதிவு அழியாத வகை அது. ரத்தம் கப்பலேறி ஆற்றைக் கடந்து புவேனஸ் அயர்ஸுக்குப் போனது. உடல் அவ்வளவு கதிர்வீச்சு வாங்கியிருந்தால் ரத்த செல்களின் குரோமோசோம்களில் உடைந்து ஒட்டிய அடையாளம் இருக்கும். அதை எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

மில்டன் டயர் கடையில் உட்கார்ந்திருந்தார். தினமும் காலையில் பேருந்திலிருந்து தோன்யா இரிஸ், அதாவது இரிஸ் அம்மா, தொலைபேசியில் கூப்பிடுவார். மூன்றாம் வகுப்பில் மில்டனுக்குப் பாடம் எடுத்தவர், இப்போது அவருடைய நோயாளி.

"ஏன்டா மில்டன், என்னடா பண்ணித் தொலைச்ச? இந்த டிரைவர் போற வழியெல்லாம் பாடுறான். எனக்குக் கட்டியே பரவாயில்லைன்னு தோணுது."

ஒன்றும் செய்யவில்லை என்றே மில்டன் சொல்லிவந்தார். மூன்றாம் வகுப்பிலும் அதையேதான் சொன்னான் என்று இரிஸ் பேருந்து முழுவதற்கும் அறிவிப்பார்.

மார்ச் கடைசியில் புவேனஸ் அயர்ஸிலிருந்து அறிக்கை வந்தது. ஆயிரம் செல்களைப் பார்த்திருந்தார்கள். சாதாரண மனிதரிடம் இருப்பதற்கு மேல் எதுவும் இல்லை. அடியில் அந்த ஆய்வகத்தார் ஒருவர் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: 'உங்கள் ஆளின் ரத்தம் உங்கள் நாட்டு மாத்தேயைவிட நன்றாக இருக்கிறது.' ஆணையத்தில் அந்த வரியை மட்டும் மறைத்து நகலெடுத்துக் கோப்பில் வைத்தார்கள்.

ஏப்ரல் 3, புதன்கிழமை, இயக்குநரின் அறையில் கூட்டம். நெலிடா நேரில் வந்திருந்தார். க்வேசி வியன்னாவிலிருந்து திரையில் தெரிந்தார். ரத்தம் சுத்தம் என்றதும் மில்டன் எழுந்து இயக்குநரைக் கட்டிக்கொண்டார். நெலிடா அவரை உட்காரச் சொன்னார்.

"உங்க உடம்பு வாங்கலை. சரி. ஆனா பேட்ஜ் வாங்கியிருக்கு. எப்படி வாங்கிச்சுன்னு தெரியாம கோப்பை மூட முடியாது. கோப்பு மூடாம நீங்க உள்ள போக முடியாது."

க்வேசி திரையில் ஒரு படத்தைக் காட்டினார். பேட்ஜுக்குள் சிறிய உலோகத் துண்டுகள் உண்டு. கதிர்வீச்சில் அவற்றின் நிழல் உள்ளே விழும். மனிதர் அணிந்து நடமாடினால் நிழல் கலங்கிப் பரவும். இந்த நிழலின் ஓரங்கள் கத்தியால் வெட்டியது போல இருந்தன.

"இது ஒரே இடத்துல, ஒரே பக்கம் பார்த்து இருந்திருக்கு," என்றார் க்வேசி. "எந்திரம் ஓடின அத்தனை நேரமும் மூச்சுக்கூட விடாம நின்ன ஆளு யாரு, மில்டன்?"

மில்டன் இயக்குநரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் தன் தோளைப் பார்த்தார்.

"பை," என்றார்.

அதன்பின் எல்லாம் வந்தது. கோட்டைத் துவைக்கப் போட்டால் பேட்ஜும் வீட்டிலேயே தங்கிவிடும். அதனால் எந்த நாளும் மறக்காத ஒரு பொருளில் மாட்டிவைத்தார். எங்கள் ஊரில் ஆண்கள் வீட்டுச் சாவியை மறப்பார்கள், மாத்தே பையை மறக்க மாட்டார்கள். பை எப்போதும் எந்திரத்தை இயக்கும் வெளி அறையில்தான் இருந்தது. ஜனவரி கடைசியில், சர்வதேசக் குழுவின் பரிந்துரைப்படி, அங்கே எதுவும் குடிக்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகை வந்தது. இயக்குநரும் ஒரு நாளைக்கு நான்கு முறை வந்து பார்க்கத் தொடங்கினார். மாத்தே இல்லாமல் எட்டு மணி நேரம் மில்டனால் முடியாது. இயக்குநர் நிச்சயம் கால்வைக்காத ஓர் இடம் அவருக்குத் தெரியும். சிகிச்சை அறைக்குள், மூலையில், ஒரு கொக்கியில் பையைத் தொங்கவிட்டார். நோயாளியைப் படுக்கவைக்கப் போகும்போது ஒரு மடக்கு. பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தி எந்திரத்தை இயக்குவார். பை உள்ளேயே இருந்தது.

"முதல் நாளே ஏன் சொல்லலை?" என்று கேட்டார் நெலிடா.

"சொன்னா விதியை மீறினதுக்கு உரிமம் போகும். சொல்லாட்டி அளவுக்காக வேலை போகும். ரத்தமே பேசிக்கட்டும்னு விட்டுட்டேன், இன்ஜினியர்."

"நான் பயப்படுறேன்னு உனக்கு யார் சொன்னது?" என்றார் பெர்முதெஸ். திரையில் க்வேசி தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

நெலிடா அன்றே சோதனையை நடத்தினார். அதே கொக்கியில் அதே பை, புதிய பேட்ஜ், பிப்ரவரியில் ஓடிய நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. உள்ளே போய்க் கொக்கியை அடையாளம் காட்டும் வேலையை மில்டனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு பெர்முதெஸே போனார். கோப்பு அவர் கையிலேயே இருந்தது. ஆய்வகம் படித்தபோது பேட்ஜ் 33 மில்லிசீவர்ட் காட்டியது.

அறிக்கையில் மூன்று கையெழுத்துகள் விழுந்தன. மில்டனின் பதிவிலிருந்து 340 நீக்கப்பட்டு, காரணம் ஓரத்தில் எழுதப்பட்டது. அவருக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கையும் மூன்று நாள் மறுபயிற்சியும் கிடைத்தன. மருத்துவமனைக்கும் எச்சரிக்கை போனது: குடிக்கக் கூடாது என்று பலகை வைத்தவர்கள், எங்கே குடிக்கலாம் என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் வியன்னாவிலிருந்து வந்த அறிக்கையில், தடை விதிக்கும் இடத்தில் மாற்று இடமும் ஒதுக்கப்பட வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. நடைக்கூடத்தின் கடைசியில் ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போட்டார்கள்.

ஏப்ரல் 9 அன்று எந்திரம் ஓடியது. முதல் நோயாளி தோன்யா இரிஸ். மில்டனின் பேட்ஜ் நெஞ்சில் இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்துவிட்டுப் படுத்தார்.

0417 எண்ணுள்ள பேட்ஜின் ஏப்ரல் மாத அளவு 0.1 மில்லிசீவர்ட்.