முதல் வட்டத்துப் பெரியவர்கள்

குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலையும் அவள்தான், வாலும் அவள்தான். யார் எந்தக் கோளாறைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் முதல் வேலையாக "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்பாள். அதனால் வாசல் காவலாளியிலிருந்து வாரியத்தின் இயக்குநர் வரை எல்லாருக்கும் அவள் 'ரீஸ்டார்ட்'. இயக்குநருக்குப் பெயர் பெரியவர். அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர் சின்னவர். அந்த அடுத்த நாற்காலி சின்னவரின் உடம்பை உறுத்திக்கொண்டே இருந்தது என்பது ஊரறிந்த விஷயம்.

ரீஸ்டார்ட் என்ற வார்த்தை அவள் பெயராக நிலைத்ததே தவிர, அந்தக் கட்டடத்தில் அதைச் செய்ய ஒருவருக்கும் கை வராது. அப்டேட் வந்திருக்கிறது என்று திரையின் மூலையில் சின்னப் பெட்டி எழும்பினால், கொசுவை அடிக்கிற வேகத்தில் 'பிறகு' என்ற பொத்தானை அடிப்பார்கள். சின்னவர் பதவி உயர்வு வந்த நாளிலிருந்து தன் மிஷினை அணைத்ததே இல்லை. அணைத்தால் ராசி போய்விடுமாம். அவள்தான் மாடி மாடியாக ஏறி, நாற்காலி நாற்காலியாகக் கெஞ்சி, ஒவ்வொரு மிஷினுக்கும் அப்டேட்டை ஊட்டிவிட வேண்டும். அடம்பிடிக்கிற பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற தாய்க்காவது பிள்ளை ஒருநாள் வளரும் என்ற நம்பிக்கை உண்டு.

ஆகவே கிளவுட் சேவைக்கு மாறலாம் என்று வாரியம் ஒப்புக்கொண்ட அன்று அவள் ஆனந்தத்தில் மிதந்தாள். இனி அப்டேட் எல்லாம் எங்கோ இருக்கிற கிளவுடிலிருந்து தானாக வந்து இறங்கும். 'பிறகு' என்று ஓரளவுக்குத்தான் தள்ள முடியும். அதற்கு மேல் மிஷினே யாரையும் கேட்காமல் அணைந்து எழும். அவள் மிஷின்களை ஒவ்வொன்றாகப் புதுச் சேவையில் சேர்த்துக்கொண்டே வந்தாள்.

சேர்க்கும்போது ஒரு ஏற்பாடு செய்தாக வேண்டும். எல்லா மிஷினுக்கும் ஒரே நாளில் அப்டேட்டை இறக்கக் கூடாது. அதில் ஏதாவது ஓட்டை இருந்தால் மொத்த அலுவலகமும் படுத்துவிடும். முதலில் கொஞ்சம் பேருக்கு, அவர்கள் பிழைத்துக் கிடந்தால் இன்னும் கொஞ்சம் பேருக்கு, கடைசியில் மற்றவர்களுக்கு. முதல் வட்டம், நடு வட்டம், கடைசி வட்டம் என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயர்தான் வினையாகப் போனது.

முதல் வட்டத்தில் பயிற்சிக் கூடத்து மிஷின்களையும் ஸ்டோர் ரூம் மிஷினையும் போட்டிருந்தாள். பெரியவரின் செயலாளருக்கு இது எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. பெரியவர் போகிற இடமெல்லாம் கூடவே போவதால் அவருக்கு நிழல் என்று பெயர்.

"சாருக்கு எந்த வட்டம்?" என்றார் நிழல்.

"கடைசி வட்டம்."

நிழலின் முகம் வெளுத்தது. "புதுசா வர்றது முதல்ல ஸ்டோர் ரூமுக்குப் போகும். அப்புறம் மிச்சம் மீதி சாருக்கா?"

அவள் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது பெரிய அதிகாரிகள் உட்காரும் மூன்றாம் மாடியில் கெஞ்சிக் கெஞ்சி நின்ற மதியங்களெல்லாம் அவள் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டாள்.

"தப்புதான். சாரை முதல் வட்டத்துக்கு மாத்திடறேன்," என்றாள்.

அவ்வளவுதான். பெரியவர் முதல் வட்டம் என்று தெரிந்ததும் சின்னவர் படியிறங்கி அவளுடைய அறைக்கே வந்துவிட்டார். அவர் வந்தால் திட்டப் பிரிவுத் தலைவர் சும்மா இருப்பாரா? அவரும் வந்தார். கொஞ்ச நாளில் மூன்றாம் மாடி மொத்தமும், சிபாரிசும் சிரிப்புமாக, முதல் வட்டத்துக்குள் குடியேறிவிட்டது. சோதனை எலிகள் க்யூவில் நின்று கூண்டுக்குள் போனதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

இதில் மனம் நொந்தது அவள் வீட்டுக்காரர். அவரும் அதே வாரியம்தான். தரைத்தளத்தில் குழாய் உடைப்புப் புகார்ப் பிரிவு. எங்கே உடைந்தாலும் புகார் அவர் மிஷினுக்குத்தான் வரும், அவர்தான் ஆட்களை அனுப்ப வேண்டும். வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"எனக்கு எந்த வட்டம்?"

"கடைசி."

கத்தி நின்றது. "கட்டின புருஷன்னுகூடப் பாக்கல, இல்ல?"

"பாத்ததாலதாங்க. உங்க மிஷின் நின்னா ஊருக்கே தண்ணி நின்னுடும். மாடியில இருக்கறவங்க மிஷின் நின்னா என்ன நிக்கும்? மீட்டிங் நிக்கும்."

"எனக்கே பூ சுத்தாதே," என்று சொல்லிவிட்டு மிச்சக் காயை அவள் பக்கம் தள்ளினார். அன்றைக்குச் சுவரைப் பார்த்துத்தான் படுத்தார். முதுகிலும் கோபத்தைக் காட்டத் தெரிந்த மனிதர்.

கிளவுடிலிருந்து முதல் அப்டேட் வந்தது. அதில் ஓட்டையும் சேர்ந்து வந்தது.

காலையில் மூன்றாம் மாடியிலிருந்து வரிசையாகப் போன். மிஷின்கள் எழுந்து, ஒரு தும்மல் தும்மி, மறுபடி படுத்துக்கொண்டன. பெரியவருடையது, சின்னவருடையது, நிழலுடையது, எல்லாம். அவள் ஓடிப்போய்த் தன் திரையைப் பார்த்தாள். முதல் வட்டம் முழுவதும் சிவப்பு, மற்ற இரண்டும் பச்சை. மற்ற வட்டங்களுக்குப் போகாதபடி அப்டேட்டை ஒரே சொடுக்கில் நிறுத்தினாள். எப்படி நடக்க வேண்டுமோ அப்படியே நடந்திருந்தது. அந்த நேரத்தில் சிரிக்கக் கூடாது என்பதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அன்றைக்குத்தானா பெரிய குழாய் உடைய வேண்டும்? பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சாலையைப் பிளந்துகொண்டு தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. வழக்கமாக இப்படிப் பெரிய உடைப்பென்றால் வீட்டுக்காரர் மேலே எழுதுவார், சின்னவர் அதைப் பெரியவருக்குத் தள்ளுவார், பெரியவர் மீட்டிங் போடுவார், பெரிய திரையில் வரைபடம் காட்டி யார் போவது என்று பேசுவார்கள். அதற்குள் தண்ணீர் தானாகவே களைத்துப்போகும். அன்று எழுதியது யாருக்கும் போய்ச் சேரவில்லை. வீட்டுக்காரர் போன் போட்டார்.

"என் மிஷினே செத்துக் கிடக்குது. நீயே பாத்து ஏதாவது பண்ணித் தொலை," என்று சின்னவர் எரிந்து விழுந்தார்.

அந்த வாரியத்தில் அதைவிட வேகமாக ஒரு அனுமதி கிடைத்ததே இல்லை. ஆட்கள் அடுத்த நிமிடமே வண்டியேறினார்கள்.

மேலே பெரியவர் இருண்ட திரையில் தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவ்வளவு சுவாரஸ்யமாக இல்லை. காரை எடுக்கச் சொல்லி உடைப்பைப் பார்க்கவே போய்விட்டார். பிறகு நடந்ததையெல்லாம் டிரைவர்தான் வந்து அவளிடம் வாய் ஓயாமல் சொன்னார். அங்கே போய் நின்ற பெரியவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. "யோவ் பெருசு, வேடிக்கை பாக்காம அந்தப் பக்கம் புடி!" என்று சேற்றுக்குள்ளிருந்து ஒரு ஃபிட்டர் கத்தினான். பெரியவர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் பிடித்தார். மதியத்துக்குள் குழாய் அடைபட்டது. ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, நடைபாதை முழுக்கச் சேற்றுக் கால் பதித்து, மனிதர் அலுவலகம் திரும்பினார்.

வந்தவுடன் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"கீழ எல்லா மிஷினும் ஓடுது. மேல மட்டும் ஏம்மா போச்சு? முதல் வட்டம்னா என்ன?"

நேராகக் கேட்டுவிட்டார். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"முதல்ல வாங்கிப் பாக்கற ஆளுங்க, சார். விழுந்தாலும் வேலை கெடக் கூடாது. அந்த மாதிரி பாத்துப் போடணும்."

நிழல் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பெரியவர் தன் சேற்றுக் கால் விரல்களைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சரியாத்தான் போட்டிருக்கே," என்றார். "இது மாசா மாசம் வருமா?"

"அப்டேட் வரும் சார். மிஷின் விழறது எப்பவாவதுதான்."

"ப்ச்," என்றார் பெரியவர்.

சாயங்காலம் சரிசெய்த அப்டேட் வந்து மிஷின்கள் உயிர்பிழைத்தன. ஆனால் வீட்டுக்காரரை அடக்கத்தான் ஆளில்லை. அவர் கான்டீனில் நின்று, "நான் கடைசி வட்டம். நாம நின்னா ஊர் நின்னுடும் பாருங்க," என்று காப்பி ஆற ஆறப் பேசினார். முதல் வட்டத்தின் அர்த்தம் மாடிக்கு ஏற அதிக நேரம் பிடிக்கவில்லை. சின்னவர் முகம் கடுகடுக்க அவளிடம் வந்தார்.

"என்னை உடனே கடைசியில போடு."

"அப்போ முதல்ல யாரு சார் இருப்பாங்க?"

கேள்வி பெரியவர் வரை போனது. "நான் இருக்கேன்ல, அப்புறம் உங்களுக்கு என்ன? யாரும் நகரக் கூடாது," என்றார் அவர். இயக்குநரே வேண்டாதவர்களின் வட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அதைவிட்டு நான் போகிறேன் என்று எவர் சொல்வார்? மூன்றாம் மாடி பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தது.

அடுத்த அப்டேட் வந்த காலையில் மாடியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மிஷின்கள் அணைந்தன. எழுந்தன. நன்றாகவே எழுந்து நின்றன. சின்னவர் கைதட்டியது கீழே வரை கேட்டது.

கொஞ்ச நேரத்தில் பெரியவரிடமிருந்து அவளுக்குப் போன் வந்தது.

"என்னம்மா, வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சார். எல்லாம் நல்லா ஓடுது."

"ஒண்ணுகூட விழலையா?"

"இல்ல சார்."

"அப்போ மீட்டிங்தானா?"

"மீட்டிங்தான் சார்."

எதிர்முனையில் விட்ட பெருமூச்சு அவள் காதைத் தொட்டது. அவளுக்கே பாவமாக இருந்தது. பிறகு அவர் போனை வைக்க மறந்துவிட்டு நிழலிடம் பேசியதும் கேட்டது: "காருல ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிப் போட்டு வைய்யா. என் கால் அளவு தெரியும்ல?"