ஐந்தாவது பெயர் ஷலீட்டா

...அப்படியென்றால் எங்கள் வீட்டுக்கென்றே தனியாக ஒரு ஓட்டுச் சீட்டு அச்சடித்திருக்கிறார்கள். ஊர்ச்சபைக்குக் கட்சி நிறுத்திய பன்னிரண்டு பெயர்கள், ஊர் முழுக்க அதே பன்னிரண்டு பேர்தான், ஆனால் எங்கள் வீட்டுச் சீட்டில் ஷலீட்டா ஐந்தாவது, அவருக்கு முன்னால் மருந்துக்கடைக்காரர், பின்னால் பேருந்து முதலாளி. எதிர்வீட்டு ஸல்மாவின் சீட்டை இப்போதுதான் எட்டிப் பார்த்தேன், அதில் ஷலீட்டா ஒன்பதாவது. மாலையில் இதே வகுப்பறையில் உறைகளைப் பிரித்து ஒவ்வொரு பெயராக உரக்க வாசிப்பார்கள், கட்சி முகவர் ஒரு மூலையில் உட்கார்ந்து வரிசையைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்வார், இது நஜ்லா வீடு, என்னுடையது, இது ஸல்மா வீடு, இந்த வரிசை வரவே இல்லையே, யார் வீடு அது... ரகசிய வாக்காம். திரை வேறு கட்டியிருக்கிறார்கள். யாருக்கு மறைக்க அந்தத் திரை?

பள்ளிக்கூட வாசலிலேயே பெஷாரா மறித்துக்கொண்டான், என் கணவரின் அண்ணன் மகன், கட்சிக்காக வீடு வீடாகச் சீட்டு கொடுப்பவன். “சித்தி, மடிப்பு கலையாம அப்படியே உறையில போட்டுடுங்க, வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்.” எனக்குக் கண் தெரியாதென்று நினைத்தாயா என்றேன். “ஐயோ, உங்களுக்கா? இருட்டுல ஊசி கோக்குற கண்ணாச்சே. மிர்னாவோட ஆஸ்பத்திரி வேலை நிரந்தரமாகுற நேரம், அதுக்காகச் சொல்றேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். என் மகளின் பெயர் இவன் வாயில் எதற்கு? ஆறு வருடமாகத் தற்காலிகச் செவிலி, ஆறு வருடமாக அடுத்த மாதம், அடுத்த மாதம், அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நாற்காலியை நகர்த்தக்கூடக் கட்சியைக் கேட்க வேண்டும். இவன் என் மடியில் உட்கார்ந்து தயிர்ச்சோறு தின்றவன், இவன்தான் எங்கள் வீட்டு வரிசையைத் தட்டச்சு செய்தானோ? ஐந்தாவதாகப் போடு, சித்திக்கு அது போதும் என்று?

வரிசை நகரவே இல்லை. பெய்ரூட்டிலிருந்து பேருந்து பேருந்தாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள், இந்த ஊரில் ஒரு குளிர்காலம்கூடக் கழிக்காதவர்கள், தாத்தாவின் பெயர் இங்கே பதிவில் இருக்கிறது, ஓட்டுப் போட அது போதும். “என் மாமனார் கல்லறையிலேருந்து வந்து ஓட்டுப் போட்டுட்டுத் திரும்பியும் போயிருப்பாரு, நான் இன்னும் நிக்கிறேன்,” என்கிறாள் ஸல்மா, முன்னால் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவரவர் கைப்பையில் அவரவர் வரிசை. நானும் சிரித்தேன், ஏன் சிரித்தேன்?

மேலே மேய்ச்சல் நிலம், பனி உருகி நிற்கும் குளம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் அளக்க வந்தவன் பாதியில் விட்டுவிட்டுப் போன எல்லை. எங்களுடையது என்று கிறிஸ்தவர்களான நாங்கள், தங்களுடையது என்று சரிவின் அந்தப் பக்கத்து ஊரின் ஷியா முஸ்லிம்கள். இரண்டு ஊரிலும் பத்திரம் இருக்கிறது, இரண்டிலும் முத்திரை இருக்கிறது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போன என் கணவர் தன்னூஸைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு நாள் கழித்து அந்த ஊரில் ஜாஃபர் என்று ஒருவர், அவருக்கும் ஆடுகள்தான், அவரை எங்கள் ஆட்கள். தன்னூஸின் படத்தைக் கட்சிக் கொடிக்கு நடுவில் அச்சடித்துக் கம்பத்துக்குக் கம்பம் கட்டினார்கள், அவர் ஒருநாளும் எந்தக் கொடியையும் தொட்டதில்லை, கல்யாணப் படத்திலிருந்து என்னை வெட்டிவிட்டு எடுத்த படம், தோளில் என் விரல் நுனிகள் மட்டும் மிச்சம். என்னை யாரும் கேட்கவில்லை. சவப்பெட்டிக்கு முன்னால் நின்று ஷலீட்டா சொன்னார், ஒரு சாண் நிலம்கூட விடமாட்டோம் என்று. அதே ஷலீட்டா போன மாதம் அந்த ஊர்க் கட்சித் தலைவரோடு தோளில் கை போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில்... மேலே தலைவர்கள் கூட்டணி வைத்துவிட்டார்களாம், அதனால் எல்லைப் பிரச்சினை சூழ்நிலை கனியும்வரை ஒத்திவைப்பாம். குளத்தைச் சுற்றி ராணுவ முள்கம்பி, எங்கள் ஆடும் போகாது, அவர்கள் ஆடும் போகாது. இந்தக் கூட்டணியைப் பதினோரு வருடம் முன்பே வைத்திருக்கக் கூடாதா? அளக்க ஆளைக் கூட்டிவருவேன், நிலநீதிமன்றத்துக்குப் போவேன் என்று சொல்வது கட்சியை எதிர்த்துத் தனியாக நிற்கும் ஆசிரியை விதாத் ஒருத்திதான், அவளைக் கிறுக்கி என்கிறார்கள். ஜாஃபரின் மனைவியும் அந்தப் பக்கத்தில் இன்று இதேபோல ஒரு வரிசையில் நிற்பாளா, அவள் சீட்டில் எந்தப் பெயர் எத்தனையாவது?

“நஜ்லா, தன்னூஸ் மனைவி,” என்று வாசிக்கிறார் அதிகாரி. அடையாள அட்டை, உறை, திரைக்குப் பின்னால் ஒரு மேசை. பையிலிருந்து பேனாவை எடுக்கிறேன். விதாத்தின் சீட்டைச் சுத்தமாகப் போட்டுவிடலாம், எங்கள் வரிசை வரவில்லை என்று தேடுவார்கள், சீட்டு தொலைந்துவிட்டது, வயசாகிவிட்டது என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். வேண்டாம். இவர்களுடைய சீட்டேதான் வேண்டும், பெயரை அடித்து வேறு பெயர் எழுதச் சட்டம் இடம் கொடுக்கிறது. மருந்துக்கடைக்காரருக்குக் கீழே, பேருந்து முதலாளிக்கு மேலே, ஷலீட்டாவின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் விதாத். மாலையில் உரக்க வாசிக்கட்டும். நான்தான் என்று தெரியத்தானே அச்சடித்தார்கள், தெரியட்டும், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக இந்த ஊர் நான் சொல்வதைக் கேட்கும். கோடு நேராக விழுந்தது, நாக்கால் உறையின் ஓரத்தை நனைத்து ஒட்டினேன், பசையின் கசப்பு... மிர்னா காலையில் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். “சாயங்காலம் சீக்கிரம் வந்துடுவேன்மா,” என்றாள், ரொட்டியைச் சுருட்டிப் பையில் வைத்துக் கொடுத்தேன், வாசல்வரை போனேன். அவ்வளவு நேரம் இருந்தது. பேனா அப்போதே என் பையில் இருந்தது. அவளை நான் கேட்டேனா?

“ஆச்சா அம்மா? வரிசை நிக்குது,” என்கிறார் திரைக்கு வெளியே அதிகாரி.